நான் வெட்டிய மூன்று வரிகள்

புதிதாக ட்யூட்டர் வேலைக்குச் சேர்ந்திருக்கும் எங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்று கேட்டீர்கள். கூடவே, ‘நல்ல அனுபவமாக இருக்கட்டும்’ என்றும் சொன்னீர்கள். நல்ல அனுபவங்கள் என்னிடம் நிறையவே உண்டு. பரிசு வாங்கிய பெண்கள், குவைத்திலிருந்து போன் செய்யும் பெண்கள், கல்யாணப் பத்திரிகையில் என் பெயரை அச்சடித்த பெண்கள் எல்லாரும் இருக்கிறார்கள். ஆனால் அவற்றால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அதையெல்லாம் வழியனுப்பு விழாவில் பேசிக்கொள்ளலாம். எனக்கு அப்படி ஒரு விழா நடக்கவில்லை என்பது வேறு விஷயம்.

நான் எழுதப்போவது ஒரு பக்கக் காகிதத்தைப் பற்றி. நர்சிங் கல்லூரியில் முப்பத்து மூன்று வருடம் பாடம் சொல்லிக்கொடுத்தவள், சர்வீஸ் முடிய சில மாதங்களே இருக்கும்போது, நாற்பது பெண்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த ஒரு பக்கம். எழுதவே அலுப்பாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் உங்களுக்கு இது தெரியவேண்டும். ஏனென்றால் இதே மாதிரி ஒரு பக்கத்தை நீங்களும் இந்த வருடமே கொடுக்கப்போகிறீர்கள்.

எங்கள் காலத்தில் மனப்பாடம் என்றால் மனப்பாடம். சிஸ்டர் சொல்வாள், நாங்கள் சொல்வோம், தப்பாகச் சொன்னால் வெளியே நிற்போம். இப்போது வரும் பெண்கள் எதையும் போனிலிருக்கும் ஏஐயிடம் கேட்டுக்கொள்கிறார்கள். “இந்தப் பத்து மருந்தையும் ஞாபகம் வெச்சிக்கிற மாதிரி ஒரு வாக்கியம் குடு” என்றால் அது உடனே கொடுத்துவிடுகிறது. நான் முதலில் திட்டினேன். பிறகு அவர்கள் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் ஆங்கில வாக்கியங்கள். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் ஒரு படியைக் குறிக்கும். வாக்கியத்தை எல்லாரும் ஒப்பித்தார்கள். எந்த எழுத்து எந்தப் படி என்று கேட்டால் முழித்தார்கள். பூட்டு மட்டும் பத்திரமாக இருக்கிறது, சாவியைக் காணோம்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஆங்கில எழுத்து வேண்டாம், இடங்களை வைத்துச் செய்தால் என்ன? நமக்குத் தெரிந்த ஒரு வழி, அதில் வரிசையாகச் சில இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் ஒரு படியை வைத்துவிட்டால், வழியை நினைத்தாலே படிகளும் வரிசையாக வந்துவிடும். இது புதிய உபாயம் ஒன்றும் இல்லை. அதை உட்கார்ந்து யோசித்துச் செய்யும் தெம்புதான் எனக்கு இல்லை. அன்று மாலை நாற்பது ரெக்கார்டு நோட்டுகள் திருத்துவதற்குக் காத்திருந்தன. கால் வேறு வீங்கியிருந்தது. நானும் போனை எடுத்தேன்.

ரத்தம் ஏற்றும்போது நோயாளிக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போனால் நர்ஸ் செய்யவேண்டிய ஐந்து காரியங்களைக் கொடுத்தேன். முதலில் ரத்தத்தை நிறுத்தவேண்டும். குழாயிலே ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், கட்டைவிரலால் உருட்டினால் மூடிக்கொள்ளும், இரண்டு விநாடி வேலை. இரண்டாவது, குழாயை மாற்றிச் சலைன் போடவேண்டும். மூன்றாவது, டாக்டரைக் கூப்பிடவேண்டும். நான்காவது, நாடி, பி.பி. பார்க்கவேண்டும். ஐந்தாவது, ரத்தப் பையின் சீட்டைச் சரிபார்த்து, பையை ரத்த வங்கிக்கே திருப்பி அனுப்பவேண்டும். கடைசி இரண்டும் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் குடி முழுகாது. முதல் காரியம் மட்டும் முதலில் நடந்தே ஆகவேண்டும்.

‘உங்களுக்கு நன்றாகப் பழக்கமான ஐந்து இடங்களை, நீங்கள் போகும் வரிசையில் சொல்லுங்கள்’ என்று கேட்டது ஏஐ. எனக்கு வீடு காரைக்கால் பக்கம் தருமபுரத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் வீட்டுக்காரரும் ஸ்கூட்டரில் கிளம்பி, திருநள்ளாறு கோயிலுக்குப் போய் (சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் பயந்து உள்ளூர்க்காரர்கள் ஞாயிறுதான் போவோம்), அங்கிருந்து அம்பகரத்தூர் அம்மனைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் காய்கறி வாங்கிக்கொண்டு, கடற்கரையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வருவோம். பத்து வருடப் பழக்கம். அதே வரிசையில் தட்டினேன்: தருமபுரம், திருநள்ளாறு, அம்பகரத்தூர், பஸ் ஸ்டாண்ட், கடற்கரை.

அது அழகாகச் செய்து கொடுத்தது, பொய் சொல்லக்கூடாது. தருமபுரத்தில் விசில் ஊதி வண்டியை நிறுத்துகிறார்கள்: ரத்தத்தை நிறுத்து. திருநள்ளாற்றில் குளத்துத் தண்ணீர் தலையில் விழுகிறது: சலைன் போடு. அம்பகரத்தூரில் சந்நிதி முன்னால் நின்று அம்மனை உரக்கக் கூப்பிடுகிறார்கள்: டாக்டரைக் கூப்பிடு. பஸ் ஸ்டாண்டில் கடிகாரத்தைப் பார்க்கிறோம்: நாடி பார். கடற்கரையில் பையை உதறி மணலைத் தட்டுகிறோம்: பையைச் சரிபார். படிக்கும்போதே மனதில் ஒட்டிக்கொண்டது. அடியில் மூன்று வரி அறிவுரை இருந்தது. இந்த மாதிரிக் கருவிகள் கடைசியில் ஏதாவது சொல்லிக்கொண்டேதான் இருக்கும் என்று மேலோட்டமாகப் பார்த்தேன். அது இருந்தால் அச்சு இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடும். வெட்டிவிட்டு, ஒரு பக்கமாக ஆக்கி, நாற்பது பிரதி எடுத்தேன்.

நம் தொழிலில் இது ஒரு வழக்கம், நீங்களும் பார்த்திருப்பீர்கள். மேடம் நோட்ஸ் கொடுத்தால் கொடுத்ததுதான். வகுப்பு மொத்தத்துக்கும் ஒரே தாள், ஒரே வரிசை. அதை லேமினேட் செய்து ஏப்ரன் பையில் வைத்துக்கொள்வார்கள். தேர்வில் அப்படியே எழுதுவார்கள், நாமும் அப்படியே டிக் போடுவோம். அதில் எழுதியிருப்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

அன்று ஒருத்தி கேட்டாள். இந்துமதி என்று பெயர். அம்பகரத்தூர்ப் பெண், அப்பா விவசாயம். தினமும் காலையில் பஸ் பிடித்துக் காரைக்கால் வருபவள். பின் வரிசையிலிருந்து கையைத் தூக்கினாள்.

“மேடம், பஸ்ஸு அம்பகரத்தூர்லேருந்துதானே மேடம் வரும்? தருமபுரம் மூணாவதால்ல வருது?”

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்புதான் வந்தது. “இது பஸ் டைம்டேபிள் இல்லடியம்மா, பாடம். தாள்ல எப்படி இருக்கோ அப்படி மனப்பாடம் பண்ணு” என்றேன். அவள் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் சிறு தேர்வு வைத்தேன். நாற்பது பேரும் ஐந்து படியையும் வரிசை பிசகாமல் எழுதினார்கள், இந்துமதியும்தான். அப்படி ஒரு ரிசல்டை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. மற்ற ட்யூட்டர்களிடம் அந்தத் தாளைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதம் கழித்து, பிரசவ வார்டில், காலை பத்தரை மணி. முதல் நாள் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ரத்தத்தில் தவறு எதுவும் இல்லை, சரியாகப் பொருத்திப் பார்த்து வந்த ரத்தம்தான். சில உடம்பு ஏற்றுக்கொள்வதில்லை, அவ்வளவுதான். முதல் கால் மணி நேரம் யாராவது பக்கத்திலேயே நிற்கவேண்டும். இந்துமதி நின்றுகொண்டிருந்தாள். வார்டு சிஸ்டர் பக்கத்து அறையில் இன்னொரு நோயாளியிடம் இருந்தாள்.

அந்தப் பெண்ணுக்கு நடுக்கம் எடுத்தது. இடுப்பு வலிக்கிறது, மூச்சு முட்டுகிறது என்றாள். இந்துமதி அந்த நிமிடமே ஓடினாள், ஆனால் சக்கரத்தைத் தொடாமல் ஓடினாள். டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். அங்கே போய்க் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு, வரும் வழியில் ஸ்டோர் ரூமில் சலைன் பாட்டில் எடுத்துக்கொண்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்து அதைத் தொங்கவிடத் தொடங்கினாள். அதற்குள் சத்தம் கேட்டு வந்த வார்டு சிஸ்டர்தான் ஒரே எட்டில் குழாயை மூடினாள். மொத்தம் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவ்வளவு நேரமும் ரத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது.

அந்தப் பெண்ணைத் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். சிறுநீரகம் ஒத்துழைக்கவில்லை. பிழைப்பாளா என்று நான்கு நாள் யாருக்கும் தெரியாது. பிழைத்துவிட்டாள். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், உங்களை இழுத்தடிப்பதில் எனக்கு ஆசை இல்லை.

ஐந்தாம் நாள் விசாரணை. முதல்வர், ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர், வார்டு சிஸ்டர், பாடம் நடத்தியவள் என்ற முறையில் நான். மேசைக்கு அந்தப் பக்கம் இந்துமதி. கண் வீங்கியிருந்தது, ஆனால் அழவில்லை.

“முதல்ல என்ன பண்ணணும்னு தெரியாதா உனக்கு?” என்று முதல்வர் கேட்டார்.

“தெரியும் மேடம்.”

“தெரிஞ்சா ஏன் பண்ணல?”

எனக்குக் கோபம் வந்தது. என் தாளை வைத்துக்கொண்டு தப்புப் பண்ணிவிட்டாளே என்ற கோபம். “நோட்ஸ் குடுத்தேனா இல்லியா? சொல்லு. மடமடன்னு சொல்லு பாப்பம்” என்று மேசையைத் தட்டினேன்.

அவள் திடுக்கிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: “அம்பகரத்தூர், டாக்டரக் கூப்பிடணும். திருநள்ளாறு, சலைன் போடணும். தருமபுரம், ரத்தத்த நிறுத்தணும். பஸ் ஸ்டாண்டு...”

“என்ன உளர்றா இவ?” என்றார் டாக்டர்.

முதல்வருக்கும் புரியவில்லை, வார்டு சிஸ்டருக்கும் புரியவில்லை. அந்த அறையில் எனக்கு மட்டும் புரிந்தது.

அவள் ஒரு படியையும் மறக்கவில்லை. நான் சொன்ன இடங்களில்தான் எல்லாப் படிகளையும் வைத்திருந்தாள். ஆனால் வழி அவளுடைய வழி. மூன்று வருடமாக விடியற்காலையில் ஏறி உட்கார்ந்து வரும் பஸ் அம்பகரத்தூரில் கிளம்பி, திருநள்ளாறு வந்து, தருமபுரம் வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறது. தேர்வு எழுதும்போது நிதானமாகத் தாளை நினைத்து எழுதியிருக்கிறாள். ஒரு பெண் கண்முன்னால் நடுங்கும்போது தாள் எங்கே ஞாபகம் வரும்? கால் பழகிய வழியில்தான் மனசு ஓடும். பயத்தில் அவள் தினமும் வரும் பஸ்ஸில் ஏறிவிட்டாள். ரத்தத்தை நிறுத்துவது அந்த வழியில் மூன்றாவது இடத்தில் இருந்தது.

இதை அந்த நிமிடமே நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. உங்களிடம் மறைக்கப்போவதில்லை. முதல்வர் ‘கவனக்குறைவு, ஒரு வருடம் நீக்கம்’ என்று எழுதிக்கொண்டார். வியாழக்கிழமை எல்லாரும் கையெழுத்துப் போடலாம் என்றார். ஒரு வருடம் என்று காகிதத்தில் எழுதுவது சுலபம். அப்படி வெளியே போன பெண்களில் திரும்பி வந்தவளை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன்.

வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் துணிப்பை. இந்துமதியின் அப்பா. வயல் வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார் போல, காலில் காய்ந்த சேறு.

“மேடம், நீங்கதானே எம் பொண்ணுக்கு டீச்சரு?”

“ஆமாங்க.”

“ஒண்ணே ஒண்ணு கேக்குறேங்க. அதுக்குப் படிப்பு ஏறலீங்களா, இல்ல படிச்சும் கவனமில்லாம இருந்திடுச்சுங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லிட்டீங்கன்னா மனசு ஆறும். அது வாயத் தொறக்க மாட்டேங்குது.”

இரண்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும். நன்றாகப் படித்தாள். கவனமாகவும் இருந்தாள். நோயாளி நடுங்கிய அதே விநாடி ஓடினாளே, அதைவிடக் கவனம் வேறென்ன? “வியாழக்கிழமை வாங்க, பேசுவோம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அந்த மனிதர் கும்பிட்டார். அந்தக் கும்பிடுதான் என்னை இன்றுவரை விடவில்லை.

வீட்டுக்குப் போய்ப் போனை எடுத்து, அந்தப் பழைய உரையாடலைத் தேடினேன். அப்படியே இருந்தது. நான் வெட்டிய மூன்று வரிகளை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். ‘இது நீங்கள் போய்வரும் வழி. உங்கள் மாணவிகள் வேறு ஊர்களிலிருந்து வருபவர்கள் என்றால், ஒவ்வொருவரும் தங்களுக்குப் பழக்கமான வழியை வைத்துச் செய்துகொள்வது நல்லது. வேறொருவரின் வழி அவசரத்தில் குழப்பலாம்.’ அவ்வளவுதான் எழுதியிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடப் புரியும் தமிழ்.

ஏஐ தப்பாகச் சொல்லிவிட்டது என்று பழியைப் போட்டுவிட எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் எல்லாரும் அதை நம்பியிருப்பார்கள், செய்தித்தாளில் வருவதும் அப்படித்தானே. ஆனால் அது வழியைக் கேட்டது, நான் என் வீட்டு வாசலிலிருந்து தொடங்கினேன். அது எச்சரித்தது, நான் வெட்டினேன். பின் வரிசைப் பெண் எச்சரித்தாள், நான் சிரித்தேன்.

மறுநாள் ஒரு காரியம் செய்தேன். பயிற்சி அறையில் பொம்மை படுத்திருக்கும் கட்டில் இருக்கிறதல்லவா, அங்கே பெண்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டேன். ஏதோ சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்து, திடீரென்று கட்டிலைப் பிடித்து உலுக்கி, “நடுங்குது பாரு! என்ன பண்ணுவே? சீக்கிரம்!” என்று கத்தினேன். கோட்டுச்சேரியிலிருந்து வருபவள் சக்கரத்துக்குக் கை நீட்டினாள். அவள் வடக்கே இருந்து வருகிறவள், அம்பகரத்தூர் ரோடு அவளுக்குத் தெரியாது. தாளில் இருப்பதைத் தவிர அவளிடம் வேறு வழி கிடையாது. விடுதியில் தங்கியிருக்கும் பெண்களும் அப்படியே. அந்த ரோட்டு பஸ்ஸில் வருபவர்கள் இந்துமதியை விட்டால் ஆறு பேர். அந்த ஆறு பேரில் நான்கு பேர் வாசலைப் பார்த்து ஓடினார்கள்.

நான்காவது பெண் ஓடியபோது அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். இது எந்த வார்டிலும் நடந்திருக்கலாம், யாருக்கும் நடந்திருக்கலாம். அன்று சாயங்காலமே அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக் கிழித்துப்போட்டேன்.

பிறகு முதல்வரிடம் போனேன். நல்லவர்தான், என்னைவிட எட்டு வயது சின்னவர். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

“மேடம், உங்களுக்கு இன்னும் நாலு மாசம்தான் இருக்கு. பென்ஷன் பேப்பர்லாம் போயிருக்கு. இத எழுத்துல குடுத்தீங்கன்னா உங்க ஃபைல்லதான் ஏறும். அந்தப் பொண்ணு என்ன, ஒரு வருஷம் கழிச்சு வந்து படிச்சிக்கும்.”

“வராதுங்க. நமக்குத் தெரியாதா?”

“யோசிச்சு செய்யுங்க. அதத்தான் சொல்லுவேன்.”

யோசித்தேன். யோசிக்காமல் பாய்ந்தேன் என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் மரியாதை கூடும். ஆனால் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். முப்பத்து மூன்று வருடத்தில் ஒரு மெமோ வாங்கியதில்லை. இந்த வயதில் எதற்கு வம்பு, யார் கேட்கப்போகிறார்கள், அந்தப் பெண்ணும் வாயைத் திறக்கவில்லையே என்று எல்லாம் தோன்றியது. இதை உங்களுக்கு எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்களுக்கும் தோன்றும். தோன்றும்போது, நம்மைப்போல் கெட்டவள் உண்டா என்று பயந்து போகாதீர்கள். சோர்ந்துபோன ஆளுக்கு அப்படித்தான் தோன்றும்.

இடையில் அந்த நோயாளியைப் பார்க்கப் போனேன். திரும்ப வார்டுக்கு வந்திருந்தாள். புருஷன் துபாயில். அவளுடைய உம்மா பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“அந்தப் புள்ள ஓடுனத நான் பாத்தேம்மா” என்றார். “பதறிக்கிட்டுதான் ஓடுனிச்சு. நான் இங்கேயேதான் இருந்தேன். எம் மவ கையப் புடிச்சிக்கிட்டு யா அல்லாஹ், யா அல்லாஹ்னு உக்காந்திருந்தேன். அந்த ரத்தம் சொட்டுச் சொட்டா எறங்கிட்டேதான் இருந்திச்சு. அந்தச் சக்கரம் என் கைக்கு எட்டுற தூரம்தாம்மா. அத உருட்டுனா நிக்கும்னு அப்பறமா சொல்றாங்க. யாராச்சும் ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா நானே மூடியிருப்பேன்ல?”

இத்தனை வருடத்தில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய்க்கும் அந்தச் சக்கரத்தைக் காட்டவேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. தாளுக்கு மேல் தாளாக எழுதிக்கொண்டிருந்தோம்.

வியாழக்கிழமை கையெழுத்துக்குக் காகிதம் வந்தது. என் பெயருக்கு மேலே கொஞ்சம் இடம் இருந்தது. பேனாவை எடுத்து அங்கே மூன்று வரி எழுதினேன். மாணவி செய்த வரிசைத் தவறுக்குக் காரணம் நான் கொடுத்த குறிப்பு. மாணவி அதை வகுப்பிலேயே சுட்டிக்காட்டினாள். அதே குறிப்பைப் படித்த இன்னும் நான்கு மாணவிகள் என் முன்னால் அதே தவறைச் செய்தார்கள். எழுதும்போது அலுப்புதான் இருந்தது, ஏழெட்டு மணி நேரம் நின்றுவிட்டு உட்காரும்போது வருமே, அந்த அலுப்பு.

இந்துமதியை நீக்கவில்லை. மூன்று மாதம் அதே வார்டில் திரும்பப் பயிற்சி, பிறகு துணைத் தேர்வு என்று முடிவானது. எனக்கு மெமோ வந்தது. என் பென்ஷன் காகிதங்கள் ஏழு மாதம் தாமதமாக நகர்ந்தன. கடைசி நாளன்று முதல்வர் அறையில் காபி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன். அந்த வியாழக்கிழமையே அவள் அப்பாவைத் தாழ்வாரத்தில் தேடிப் பிடித்துச் சொன்னேன்: “உங்க பொண்ணுக்குப் படிப்பும் ஏறுச்சு, கவனமும் இருந்துச்சுங்க. நான் சொல்லிக்குடுத்ததுதான் தப்பு.” அவருக்கு அது புரிந்ததா தெரியவில்லை. ஒரு டீச்சர் அப்படிச் சொல்வார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. துணிப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே நின்றார்.

இனி உங்களுக்கு. ஏஐ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் நீங்கள் கேட்கப்போவதில்லை, பெண்களும் கேட்கப்போவதில்லை. ஆனால் நீங்கள் செய்து கொடுக்காதீர்கள், அவர்களைச் செய்துகொள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொருத்தியும் தன் வீடு, தன் தெரு, தன் பஸ் என்று அதனிடம் சொல்லித் தனக்கென்று ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். நாற்பது பேரிடம் நாற்பது விதமாக இருக்கும். திருத்துவதற்குக் கண் வலிக்கும், அது உங்கள் வேலை. முதல் படி முதலில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். எழுதச் சொல்லிப் பார்க்காதீர்கள், கட்டிலை உலுக்கிப் பாருங்கள். அந்த மூன்று மாதத்தில் இந்துமதி செய்துகொண்டது பஸ்ஸே இல்லாத ஒன்று. காலையில் தெருக்குழாயில் தண்ணீர் வரும், குடம் நிறைந்ததும் குழாயை மூடிவிட்டுத்தான் அவள் வீட்டில் மற்ற எந்த வேலையும் தொடங்கும். அவளுடைய முதல் படி அந்தக் குழாய். எனக்கு நூறு வருடம் யோசித்தாலும் அது தோன்றியிருக்காது. என் வீட்டில் மோட்டார் போட்டால் தண்ணீர் வருகிறது.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரருக்கும் அந்தச் சக்கரத்தைக் காட்டிக்கொடுங்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

கடைசியாக ஒன்று. அந்த முடிவு வந்த அன்று சாயங்காலம், பஸ் ஸ்டாண்டில் அம்பகரத்தூர் பஸ்ஸில் ஏறினேன். கால் வீக்கத்தில் ஸ்கூட்டரில் உட்கார முடியவில்லை. ஜன்னல் ஓரம் இந்துமதி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன். பஸ் நகர்ந்த பிறகு, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், நேராகவே சொல்லிவிட்டேன்.

“எம் மேலதாம்மா தப்பு. மன்னிச்சிக்க.”

‘ஐயோ, பரவால்ல மேடம்’ என்பாள் என்று நினைத்தேன். நம் பெண்கள் அப்படித்தானே சொல்வார்கள். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகவும் இல்லை, அழுகையாகவும் இல்லை.

“நான் அன்னிக்கே கேட்டேன் மேடம்” என்றாள்.

கண்டக்டர் தருமபுரம் என்று குரல் கொடுத்தார். நான் எழுந்து இறங்கிக்கொண்டேன். பஸ் அவளைக் கூட்டிக்கொண்டு திருநள்ளாறு ரோட்டில் போனது. அவள் ஊர் வர இன்னும் நிறைய தூரம் இருந்தது.